ஈறுகளை அளந்து பார்த்த பிறகே சுத்தம்

பல் வைத்தியரிடம் சென்று பற்களைச் சுத்தம் செய்துகொண்டால் பல் ஆட்டங்கொடுத்துவிடும் என்றும், பல்லின் மேலுள்ள எனாமல் தேய்ந்துபோகும் என்றும், ஒருமுறை ஸ்கேலிங் செய்துகொண்டவர் ஆயுள் முழுவதும் அதைச் செய்துகொண்டே இருக்கவேண்டியதுதான் என்றும் கற்றவர்களும் கல்லாதவர்களும் ஒரே குரலில் சொல்லிவருவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இதற்கு நேர் எதிரான இன்னொரு நம்பிக்கையும் நம் நகரங்களில் சில காலமாகப் பரவியிருக்கிறது: கல்யாணத்துக்கு முந்திய வாரம் ஒருமுறை சென்று, காவியையும் கறையையும் நீக்கிப் பற்களைப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டால், வாயின் ஆரோக்கியத்துக்கு வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது என்பது அந்த நம்பிக்கை. அச்சத்தால் ஒதுங்கி நிற்பவரும் அழகுக்காக ஓடிவருபவரும் வெவ்வேறு மனிதர்களாகத் தோன்றினாலும் இருவருடைய பிழைக்கும் காரணம் ஒன்றே. இருவரும் பல்லைத்தான் பார்க்கிறார்களேயன்றி, அந்தப் பல்லைத் தாங்கி நிற்கிற ஈறையும் அதன் அடியிலுள்ள எலும்பையும் நினைப்பதில்லை. வைத்தியசாலையில் நடக்கிற சுத்தத்தின் முதல் உத்தேசம் ஈறின் ஆரோக்கியமே என்பதையும், அந்தச் சுத்தத்திலும் ஒருவருக்கு உரியது மற்றவருக்கு உரியதாகாது என்பதையும், எவருக்கு எது உரியது என்பதை அளந்து பாராமல் தீர்மானிக்க இயலாது என்பதையும் நம் ஜனங்களுக்கு இன்னும் யாரும் அழுத்தமாக எடுத்துச் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பல்லின் வேர் தாடை எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் அகலமே உள்ள இடைவெளியில் எண்ணிறந்த நுண்ணிய நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, ஒவ்வொரு கவளத்தை மெல்லும்போதும் எழுகிற பாரத்தை ஏற்றுக்கொண்டு, பல்லைப் பிடித்து நிறுத்துகின்றன. அந்தப் பிடிப்பின் மேல் விளிம்பைக் காத்து நிற்பது ஈறு. ஆரோக்கியமான ஈறுக்கும் பல்லுக்கும் இடையே ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு சிறு பள்ளம் எல்லோருக்கும் உண்டு. வியாதி தொடங்குவது அந்தப் பள்ளத்தில்தான். பல்லின் மேல் எந்நேரமும் படிந்துகொண்டிருக்கிற மெல்லிய படலத்தில் கிருமிகள் குடியேறிப் பெருகுகின்றன. நம் முன்னோரைப் போலவே தினமும் உப்பு வைத்துப் பல் தேய்த்துவந்த டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆன்டனி வான் லேவன்ஹுக் என்பவர், தம் பற்களின் இடுக்கிலிருந்து எடுத்த வெண்ணிறமான அழுக்கைத் தாமே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கி, அதில் உயிருள்ள சிற்றுருவங்கள் அசைந்து திரிவதைக் கண்டு, 1683-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். மனிதன் கிருமிகளை முதன்முதலில் கண்ட இடங்களில் அவனுடைய வாயும் ஒன்று என்பது நினைவில் வைக்கத்தக்க செய்தி.

அந்தப் படலத்தைத் தினந்தோறும் அகற்றாமல் விட்டால், எச்சிலில் கலந்துள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கி இறுகிப் பற்காரையாகிவிடுகின்றன. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் நாளங்கள் வந்து திறக்கும் இடங்களாகிய கீழ் முன்பற்களின் உட்புறத்திலும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் காரை மிகுதியாகக் கட்டுவதற்கு இதுவே காரணம். கட்டியபின் அதை பிரஷ்ஷும் அகற்றாது, வேப்பங்குச்சியும் அகற்றாது. செங்கற்பொடி, சாம்பல், கரித்தூள், சொரசொரப்பான பற்பொடி ஆகியவற்றை விரலில் எடுத்து அழுத்தித் தேய்ப்பவர்கள் காரையை விட்டுவிட்டுப் பல்லையே தேய்க்கிறார்கள். ஸ்கேலிங்கால் தேயும் என்று அஞ்சுகிற எனாமல் உண்மையில் தேய்வது இந்தப் பழக்கத்தால்தான்.

படலமே ஈறு வீக்கத்துக்குக் காரணம் என்பதை ஐயத்துக்கிடமின்றி நிரூபித்தவர் நார்வே தேசத்தில் பிறந்த ஹரால்ட் லோ. டென்மார்க்கிலுள்ள ஆர்ஹுஸ் நகரத்தில், ஆரோக்கியமான ஈறுகளையுடைய 12 பேரைப் பல் துலக்குவதை அறவே நிறுத்திவிடும்படி செய்து அவரும் அவருடைய சகாக்களும் கவனித்துவந்தார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கிற்று. மறுபடியும் பல் துலக்கத் தொடங்கிய சில நாட்களில் அத்தனை பேருக்கும் அது தணிந்தது. 1965-இல் வெளியான இந்தச் சோதனையால், ஆரம்ப நிலையிலுள்ள ஈறு வீக்கம் முற்றிலும் திரும்பப்பெறக் கூடியது என்பது பிரத்தியட்சமாயிற்று. ஆனால் அந்த வீக்கத்தை மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் கவனியாமல் விட்டால் என்ன ஆகும்? இதை அறிய லோ மேற்கொண்ட அடுத்த ஆராய்ச்சி, தமிழர்களாகிய நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஏனெனில் அது நம்மவர்களின் வாய்களில் நடந்த ஆராய்ச்சி.

1969-இல் ஒஸ்லோ நகரத்து மாணவர்களும் கல்விமான்களுமாக 565 பேரை ஒரு புறம் பரிசோதித்த லோவும் அவருடைய சகாக்களும், 1970-இல் இலங்கையின் மலைநாட்டுக்குச் சென்று, தேயிலைத் தோட்டங்களில் கூலிவேலை செய்துவந்த 480 ஆண்களை மறுபுறம் பரிசோதித்தார்கள். அந்த 480 பேரும் தமிழர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஜில்லாக்களிலிருந்து முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டவர்களின் சந்ததியார். நார்வேக்காரர்கள் பள்ளிப் பருவம் முதலே பல் வைத்தியரின் பராமரிப்பில் வளர்ந்தவர்கள். தோட்டத் தொழிலாளர்களோ பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியத் தொடர்போ இல்லாதவர்கள். வாயைக் காக்கும் முயற்சி எதுவுமின்றி விடப்பட்ட மனிதனுக்கு ஈறு வியாதி எப்படி வளரும் என்பதை இயற்கை நிலையில் காண அவர்கள் அகப்பட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் 15 ஆண்டுகள் மறுபடியும் மறுபடியும் அந்த வாய்களைத் திறந்து பார்த்து, ஒவ்வொரு பல்லிலும் பிடிப்பு எத்தனை மில்லிமீட்டர் கழன்றிருக்கிறது என்று அளந்து எழுதினார்கள். இந்திய, இலங்கை அரசாங்கங்கள் செய்துகொண்ட 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மலைநாட்டுத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்ததும் இதே ஆண்டுகளில்தான். இன்னும் எத்தனை காலம் எந்த மண்ணில் இருப்போம் என்று தெரியாத மனிதர்கள், தங்கள் பற்களைக் காட்டி, உலகத்துக்கு ஒரு சாஸ்திரத்தைக் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்த அளவுகள் சொன்ன கதை இது. நாற்பது வயதை நெருங்கும்போது நார்வேக்காரருக்குப் பல்லின் பிடிப்பு சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே கழன்றிருந்தது. தோட்டத் தொழிலாளிக்கோ நாலரை மில்லிமீட்டர். தொழிலாளர்கள் எல்லோர் வாயிலும் காரை மண்டியிருந்தது, எல்லோர் ஈறும் வீங்கியிருந்தது. ஆயினும் எல்லோருக்கும் ஒரே கதி நேரவில்லை என்பதுதான் ஆராய்ச்சியாளர்களையே திகைக்கவைத்த விஷயம். 100-க்கு 11 பேருக்கு வீக்கம் வீக்கத்தோடு நின்று, எலும்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. 100-க்கு 81 பேருக்கு வியாதி மெல்ல வளர்ந்து, 45 வயதாகும்போது ஏழு பற்களைக் கொண்டுபோயிருந்தது. எஞ்சிய 8 பேருக்கு அது வெகு வேகமாகப் பரவி, 35 வயதில் 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையுமே பறித்துவிட்டது. இத்தனைக்கும் அவர்களுக்குப் பற்சொத்தை என்பது அநேகமாக இல்லை. சொத்தையில்லாத, முழு உருவமுள்ள பற்கள் நிற்க இடமின்றி உதிர்ந்துபோயின. 1986-இல் வெளியான இந்த ஆராய்ச்சியைப் பல் வைத்தியம் பயிலும் மாணவர்கள் தேசந்தோறும் இன்றும் படித்துவருகிறார்கள். அந்த 480 பேரின் பெயர்களை எவரும் அறியார். அவர்களுடைய துன்பத்திலிருந்து கிடைத்த ஞானம் முதன்முதலில் போய்ச் சேர்ந்திருக்கவேண்டிய இடம் அவர்கள் பிள்ளைகள் வாழ்கிற லயங்கள் என்னும் தோட்ட வரிசைவீடுகளும், தாயகம் திரும்பியவர்கள் குடியேறிய நீலகிரித் தோட்டங்களுமே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இது நம் அனைவர்மீதும் உள்ள கடன் என்றே நான் கருதுகிறேன்.

ஒரே தோட்டத்தில், ஒரே உணவை உண்டு, ஒரே மாதிரி காரை படிந்த வாய்களோடு வாழ்ந்த மூவரில் ஒருவர் பற்களோடு முதுமையை நோக்கிச் செல்ல, மற்றொருவர் நடுவயதுக்குள் பொக்கைவாயராகிறார் என்றால், வாயைத் திறந்து கண்ணால் பார்த்த மாத்திரத்தில் இவர் இன்ன வகை என்று சொல்லிவிட முடியாது. வியாதியும் தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. சொத்தைப் பல் இரவெல்லாம் வலித்து ஊரைக் கூட்டும். ஈறு வியாதி பல ஆண்டுகள் சத்தமின்றி எலும்பைக் கரைத்துவிட்டு, பல் ஆடத் தொடங்கிய பிறகே தெரியவரும். பல் துலக்கும்போது துப்புகிற நீரில் கலந்து வரும் ரத்தமும், நீங்காத வாய் நாற்றமும் அதன் முன்னறிவிப்புகள். ரத்தம் வருகிறது என்பதற்காக அந்த இடத்தை பிரஷ் படாமல் விட்டுவிடுவது நம் நாட்டில் சர்வசாதாரணமாக நடக்கிற காரியம்; ரத்தம் வருகிற இடமே மிருதுவான பிரஷ்ஷால் ஜாக்கிரதையாகத் துலக்கப்படவேண்டிய இடம்.

ஆகவே, சிகிச்சை என்பது அளவெடுப்பதில் தொடங்க வேண்டும். மில்லிமீட்டர் கோடுகள் இடப்பட்ட, முனை மழுங்கிய மெல்லிய உலோகக் கம்பி ஒன்று பல் வைத்தியரிடம் உண்டு. அதைப் புரோப் என்பார்கள். பல்லைச் சுற்றியுள்ள பள்ளத்தில் அதை மெல்ல இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, எந்த இடங்களில் ரத்தம் கசிகிறது என்பதையும் பார்த்து எழுதினால், அந்த மனிதருடைய ஈறுகளின் படம் ஒரு தாளில் வந்துவிடுகிறது. எலும்பின் மட்டத்தை எக்ஸ்-ரே காட்டும். இதற்கு ஆகும் செலவு அற்பம், நேரமும் அதிகமில்லை. இந்தச் சிறு காரியம் நடக்காமலே சுத்தம் செய்யப்பட்டு அனுப்பப்படுகிறவர்கள் நம்மிடையே ஏராளமாக இருக்கிறார்கள் என்பதுதான் என் முதல் வருத்தம்.

பள்ளம் மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்து, எலும்பு கரையாமல், ஈறு மட்டும் வீங்கியிருந்தால், வேண்டியது சாதாரண ஸ்கேலிங். வினாடிக்கு ஏறத்தாழ 25,000 முதல் 30,000 தடவை அதிர்கிற முனையொன்று, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே, ஈறுக்கு மேலும் அதன் விளிம்பை ஒட்டியும் படிந்துள்ள காரையைச் சிதறச்செய்கிறது. 1950-களிலிருந்து வழக்கத்துக்கு வந்த இந்த உபகரணம் அதிர்வினால் காரையைப் பெயர்க்கிறதேயன்றி, அரம் போல் ராவுவதில்லை. பிறகு பற்களைப் பாலிஷ் செய்துவிடுவார்கள். மரத்துப்போகும் ஊசி வேண்டியதில்லை, ஒரு தடவையில் முடிந்துவிடும். பல ஆண்டுகளாக வைத்தியசாலைப் பக்கமே எட்டிப்பாராத ஒருவருக்குப் பற்களெல்லாம் காரைக்குள் மறைந்து, புரோப்பை உள்ளே செலுத்தவே இடமில்லாமல் இருக்கலாம். அவருக்கு முதலில் பெருங்காரையை மட்டும் அகற்றி அனுப்பி, வீக்கம் சற்று வடிந்தபின் மறுபடி வரவழைத்து அளந்து பார்ப்பார்கள். இந்த முதற்கட்டத்தோடு எல்லாம் முடிந்ததாக எண்ணி வீட்டோடு நின்றுவிடுகிறவர் பாதிக் கிணறு தாண்டியவர்.

பள்ளம் நான்கு, ஐந்து, ஆறு மில்லிமீட்டர் என்று ஆழமாகி, எலும்பும் கரையத் தொடங்கியிருந்தால் விஷயம் வேறு. அப்போது காரையும் கிருமிப் படலமும் ஈறுக்குள்ளே வேரின்மீது ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே எவ்வளவு பளபளவென்று பாலிஷ் செய்தாலும் உள்ளே நடக்கிற அழிவு நிற்காது; சொல்லப்போனால் மேற்புறம் அழகாகிவிட்டதால் நோயாளி நிம்மதியடைந்து மேலும் சில ஆண்டுகளை வீணாக்குவார். இவருக்கு உரியது டீப் கிளீனிங் என்று சொல்லப்படுகிற ஆழ்ந்த சுத்தம். ஈறை மரக்கச்செய்து, வேரின் வளைவுகளுக்கு ஏற்றவாறு வளைந்த மெல்லிய கருவிகளைப் பள்ளத்தின் அடிவரை கொண்டுசென்று, கண்ணால் காண இயலாத இடத்தில் விரலின் ஸ்பரிச உணர்வை மட்டுமே துணையாகக் கொண்டு, ஒவ்வொரு வேராகச் சுத்தம் செய்கிற நுட்பமான வேலை இது. வாயின் ஒரு பகுதியை ஒரு நாள், மற்றொரு பகுதியை வேறொரு நாள் என்று பல அமர்வுகளாகவும் இதைச் செய்வதுண்டு. சில வாரங்கள் கழித்து மறுபடியும் அளந்து பார்க்கவேண்டும். பள்ளம் குறைந்து ரத்தக் கசிவு நின்றிருந்தால் சிகிச்சை பலித்தது. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் எங்கேனும் எஞ்சியிருந்தால் ஈறைத் திறந்து அறுவை சிகிச்சை செய்யவும் நேரலாம். மறுபடி அளக்காத ஆழ்ந்த சுத்தம் பாதி வேலை என்றே சொல்வேன்.

பல் ஆடும் என்ற அச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. எலும்பு கரைந்து பிடிப்பிழந்த பற்களைப் பல வருஷங்களாக ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டி வைத்திருந்தது காரை. அதை நீக்கியதும் பல் ஏற்கெனவே இழந்திருந்த ஸ்திரத்தன்மை வெளிப்படுகிறது. வீங்கிப் புடைத்திருந்த ஈறு வற்றிச் சுருங்குவதால் பற்களிடையே இடைவெளி தெரிகிறது. திறந்துகொண்ட வேர், தண்ணீர் பட்டால் சில வாரங்கள் கூசுகிறது. கறையான் அரித்த தூணின்மேல் பூசியிருந்த சாந்தை உரித்துக் காட்டியவரையே, தூணை அரித்தவர் என்று குற்றஞ்சாட்டுவதற்கு இது ஒப்பாகும். ஆயினும் ஜனங்களை மட்டும் குறைசொல்லி என்ன பயன்? கூச்சம் வரும், இடைவெளி தெரியும், ஆட்டம் வெளிப்படும், இவற்றுக்கெல்லாம் காரணம் இன்னது என்று சிகிச்சைக்கு முன்பே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து சொல்லியிருந்தால், ஒரு நோயாளி தம் தெரு முழுவதும் அந்த அச்சத்தைப் பரப்பியிருக்க மாட்டார். சொல்லவேண்டியதைச் சொல்வதும் சிகிச்சையின் ஓர் அங்கம்.

ஆயுள் முழுவதும் வரவேண்டியிருக்கும் என்ற முறையீட்டில் ஓரளவு உண்மை உண்டு. அதை மறைப்பது தகாது. எலும்பை ஒருமுறை இழந்தவரின் பள்ளங்களில் கிருமிகள் சில மாதங்களில் மறுபடியும் குடியேறுகின்றன. ஆகையால் ஆழ்ந்த சுத்தம் செய்துகொண்டவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்து, அளந்து, கசிவு உள்ள இடங்களைத் தேடிச் சுத்தம் செய்வது வழக்கம். ஸ்வீடன் தேசத்தில் கார்ல்ஸ்டாட் நகரத்தில் ஆக்செல்சன், லிண்டே என்னும் இருவர் 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 30 ஆண்டுகள் நடத்திய பராமரிப்பில், தொடர்ந்து வந்தவர்கள் அந்த முப்பது வருஷங்களில் இழந்த பற்கள் சராசரியாக இரண்டுக்கும் குறைவு. வயதானால் பல் விழும் என்பது இயற்கையின் சட்டம் என்று நாம் நினைத்திருந்ததை அது பொய்யாக்கியது. அவர்கள் சுத்தம் செய்து அனுப்பியதோடு நில்லாமல், ஒவ்வொருவருக்கும் தம் பற்களைத் தாமே எப்படித் துலக்கிக்கொள்வது என்பதைத் திரும்பத் திரும்பச் சிரத்தையோடு கற்றுக்கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

அது முக்கியமான சேர்க்கை. கடுமையான ஈறு வியாதி இல்லாமல், ஒழுங்காகப் பல் வைத்தியரைப் பார்த்துவருகிற பெரியவர்களிடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வழக்கமாகச் செய்யும் ஸ்கேலிங்குக்கும், அதைக் காலக்கெடு வைத்துச் செய்யாமலே இருப்பதற்கும், இரண்டு மூன்று ஆண்டுகளில் ஈறு வீக்கத்தைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை, அல்லது மிகச் சொற்பம் என்று 2018-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆராய்ச்சித் தொகுப்பு கூறுகிறது. இதைக் கேட்டு எவரும் சுத்தமே வீண் என்று முடிவு கட்டவேண்டாம். பல ஆண்டுக் காரையைச் சுமந்துகொண்டு, வைத்தியரையே கண்டறியாத நம் ஜனங்களைப் பற்றிய முடிவு அன்று அது. ஆனால் எல்லோருக்கும் ஒரே கெடு, ஒரே சுத்தம், ஒரே ரசீது என்று நடத்துகிற வியாபாரத்துக்கும், ஒரு நாளில் முந்நூறு பேருக்குக் காரை நீக்கினோம் என்று பெருமை கொள்ளும் முகாமுக்கும், சாஸ்திரத்தின் ஆதரவு இல்லை என்பதை அது தெளிவாக்குகிறது. ஆரோக்கியமான ஈறு உடையவருக்கு ஆண்டுக்கு ஒரு பரிசோதனை போதுமானதாக இருக்கலாம். வேகமாக எலும்பை இழந்துவருபவருக்கு மூன்று மாதமும் அதிகமாக இருக்கலாம். தேவையில்லாதவர் ஆழ்ந்த சுத்தத்துக்குப் பணம் கட்டுவதும், தேவையுள்ளவர் மேற்சுத்தத்தோடு திரும்பிப் போவதும் அளவெடுக்காததன் இரண்டு விளைவுகள்.

இந்த விஷயத்தில் நம் தேசம் மேலும் விழிப்பாக இருக்கவேண்டியதற்கு நீரிழிவு ஒரு காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவரின் ஈறு எளிதில் அழிகிறது. அழிகிற ஈறிலிருந்து எழுகிற அழற்சி சர்க்கரையைக் கட்டுக்கடங்காமல் வைத்திருக்கிறது. மேலே சொன்ன லோ அவர்களே 1993-இல் ஈறு வியாதியை நீரிழிவின் ஆறாவது உபத்திரவம் என்று வகுத்துரைத்தார். ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு ஏறக்குறைய 0.4 சதவீதப் புள்ளி இறங்குகிறது என்று 2022-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று காட்டுகிறது. சிறிய எண்ணாகத் தோன்றினாலும், மருந்து ஒன்றைக் கூட்டினாலொழிய கிடைக்காத இறக்கம் சிலருக்குப் பல் வைத்தியரின் நாற்காலியில் கிடைக்கக்கூடும். ரத்த அழுத்தத்துக்காக நம் வீடுகளில் பலரும் உட்கொள்கிற அம்லோடிபின் மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும் என்பதையும், மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் அதைத் தந்த வைத்தியரிடம் சொல்லவேண்டும் என்பதையும் இங்கே குறிப்பிடுவது பொருந்தும்.

புகை பிடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புகையிலை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், உள்ளே எலும்பு வேகமாகக் கரைந்துகொண்டிருக்கும்போதும் வெளியே ரத்தம் வராது; எச்சரிக்கை மணியையே அறுத்துவிட்டு வருகிற அழிவு அது. அவர்களுக்குக் கண்ணாடியில் பார்த்துத் திருப்திப்படுவது உதவாது, புரோப் ஒன்றே உதவும். வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லுபவர்களின் வாயில் காவி படிவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். காவி போவது எளிது, பாக்கும் புகையிலையும் விளைவிக்கிற புற்றுநோய் போவது எளிதன்று. அதனால் ஈறைச் சுத்தம் செய்யும் கை நாக்கின் ஓரத்தையும் கன்னத்தின் உட்புறத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கவேண்டும்.

இனி அரசாங்கம் செய்யவேண்டியதைப் பற்றி. நம் அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவுகள் உண்டு. ஆனால் ஜனங்கள் அங்கே போவது, வலி பொறுக்கமாட்டாத கட்டத்தில் பல்லைப் பிடுங்கிக்கொள்வதற்கே பெரும்பாலும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கிற அட்டையில் ஈறைப் பற்றி இரண்டு கேள்விகள் சேர்ந்தால் போதும்: துலக்கும்போது ரத்தம் வருகிறதா, பல் ஏதேனும் ஆடுகிறதா? ஆம் என்று சொல்பவர் பல் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே அளவெடுக்கப்படவேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், விலையுயர்ந்த இயந்திரமும் வேண்டாம்.

ஆட்கள் எங்கே என்ற கேள்வி எழும். அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் நகரத்துப் பல் வைத்தியர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் 1906-இல் தம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற பெண்மணிக்குச் சுத்தம் செய்யும் கலையைப் பயிற்றுவித்ததிலிருந்து, டென்டல் ஹைஜீனிஸ்ட் என்ற தொழிலே தோன்றிற்று. ஈறை அளப்பதும், காரை நீக்குவதும், துலக்கக் கற்றுக்கொடுப்பதும் அவர்கள் வேலை. நம் தேசத்திலும் 1948-ஆம் ஆண்டுப் பல் வைத்தியர் சட்டமே அவர்களுக்குத் தனிப் பதிவேட்டை ஏற்படுத்தியது. ஆனால் சட்டத்தில் கிடைத்த இடம் வைத்தியசாலையில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சட்டம் அனுமதித்து முக்கால் நூற்றாண்டு கடந்தும், ஒரு வட்டார மருத்துவமனைக்குள் நுழைந்து ஹைஜீனிஸ்ட் எங்கே என்று கேட்டால், அந்தப் பெயரையே அறியாதவர்கள் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆண்டுதோறும் பல் வைத்தியப் பட்டதாரிகளை உற்பத்தி செய்துகொண்டு, அவர்களில் பலருக்குத் தகுந்த வேலையின்றிப் பரிதவிக்கவிடுகிற ஒரு மாகாணம், ஹைஜீனிஸ்டுகளைப் பயிற்றுவித்தோ, அந்த இளம் வைத்தியர்களை ஈறுப் பராமரிப்புக்கென்றே நியமித்தோ இந்தக் குறையைத் தீர்க்கலாம். எந்த வழி என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஏதோ ஒரு வழியில் உடனே தீர்க்கவேண்டும் என்பதில் இருக்கக்கூடாது.

அரசாங்கம் விழிக்கும்வரை நோயாளி காத்திருக்கவேண்டியதில்லை. பல்லைச் சுத்தம் செய்துகொள்ளப் போகிறவர், தனியார் வைத்தியசாலையாயினும் அரசு மருத்துவமனையாயினும், நாற்காலியில் சாய்வதற்கு முன்பு மரியாதையோடு கேட்க வேண்டியவை சில உண்டு: என் ஈறுகளின் பள்ளம் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை இடங்களில் ரத்தம் கசிகிறது, எலும்பு கரைந்திருக்கிறதா, எனக்குச் செய்யப்போவது மேற்சுத்தமா ஆழ்ந்த சுத்தமா, மறுபடி எப்போது அளப்பீர்கள்? நீரிழிவோ, ரத்தத்தை இளக்கும் மாத்திரையோ, கர்ப்பமோ இருந்தால் அதையும் அவர் மறவாமல் சொல்லவேண்டும். கர்ப்பிணிகள் சுத்தம் செய்துகொள்வதில் பயமில்லை, நடு மூன்று மாதங்கள் அதற்கு வசதியானவை. நல்ல வைத்தியர் எவரும் இக்கேள்விகளால் மனம் கோணமாட்டார். பலர் மகிழ்ச்சியோடு எண்களைப் படித்துக் காட்டுவார்கள். அந்த எண்களை எழுதிய தாளின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை வைத்திருக்கிற அதே உறையில் போட்டுவைத்து, அடுத்த முறை செல்லும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் மாறினாலும் ஊர் மாறினாலும், உங்கள் ஈறு முன்னேறியிருக்கிறதா பின்வாங்கியிருக்கிறதா என்பதை அதை வைத்து அவரும் நீங்களும் சேர்ந்தே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.